ஹேரினின் கைகள்

கச்சேரியின் நடுவில், ஹேரினின் செருப்பில் சிக்கிய கம்பி மேசைக்கடியில் கழன்று விழுந்தது. அவள் முன்னால் இருந்த குமிழ்ப் பெட்டியின் விளக்குகள் அத்தனையும் அணைந்தன.

பாட்டு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடுவதில் வியப்பில்லை. பக்கத்தில் மடிக்கணினியோடு நிற்கும் குன்வூ எழுதுகிற நிரல் அப்படி. விதியை மட்டும் கொடுத்துவிட்டால் அது தன் பாட்டுக்கு ஸ்வரங்களைப் பெற்றுப் போட்டுக்கொண்டே இருக்கும். குமிழ்களைத் திருகி அதை அடக்குவதும் அவிழ்த்துவிடுவதும் ஹேரினின் வேலை. பியானோ வகுப்பு எடுத்த வேலையை உதறிவிட்டு வந்தது அதற்காகத்தான்.

கம்பியைத் தேடிக் குனியப் போனவள் அப்படியே நின்றாள்.

பேஸின் கனத்த அடியொலி மெல்ல அடங்கியது. அவள் அடக்குகிற இடத்தில், அவள் அடக்குகிற அளவுக்கு.

அவள் கை படவே இல்லை.

ஒரு குமிழை வெடுக்கென்று கடைசிவரை திருகிப் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள். பாட்டு அவள் தயங்கும் இடத்தில் தயங்கியது. பிறகு அவளுக்கே உரிய அந்தச் சின்ன அவசரத்தோடு மேலே ஏறியது.

குன்வூ தலை நிமிராமலே முணுமுணுத்தான்.

"அக்கா, கைய எடுக்காதீங்க. ஆளுங்க பாக்குறாங்க."

கம்பி கழன்றதா என்றுகூட அவன் கேட்கவில்லை. கல்லூரியில் அக்கா அக்கா என்று பின்னாலேயே சுற்றியவன். அவள் வேகவைத்த ராம்யன் நூடுல்ஸில் பாதியை உரிமையோடு பிடுங்கித் தின்றவன்.

முன்வரிசையில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். பிறகு அவள் தலைக்கு மேலே பார்த்தார்கள்.

மேடையிலேயே நிரல் எழுதி வாசிக்கும் இந்த மாதிரிக் கச்சேரிகளில் ஒரு நாணயமான வழக்கம் உண்டு. எழுதுகிற நிரலை ஒளிக்கக் கூடாது; பின்னால் திரையில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். ஹேரின் அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. நிரலைப் பார்த்தால் கை யோசிக்கும், ஆட்களை மட்டும் பார்த்தால் போதும் என்று குன்வூ சொல்லியிருந்தான்.

இன்று திரும்பினாள்.

சுவர் அகலத்துக்கு வெள்ளை எழுத்தில் இருந்தது. ஹேரினின் கைகள்: ஒத்திகையில் பதிந்தவை. குமிழ்ப் பெட்டி: இணைப்பு இல்லை.

அதற்குக் கீழே, மனிதர்கள் படிப்பதற்கென்றே ஒரு வரி. அக்காவுக்குத் தெரியாது, யாரும் சொல்லிடாதீங்க. ஓரத்தில் ஒரு சிரிப்புக் குறி.

போன வசந்தம் வரைக்கும் காலி நாற்காலிகளுக்கு வாசித்தவர்கள் இவர்கள் இருவரும். இப்போதெல்லாம் உல்ஜிரோ வட்டாரத்தின் இந்த மொட்டைச் சுவர் மாடியில் படிக்கட்டு வரை கூட்டம். யாரும் படம் எடுக்கக் கூடாது என்று குன்வூ போட்ட சட்டத்தை, இசைக்குச் செய்கிற மரியாதை என்று அவள் நம்பியிருந்தாள். எடுத்திருந்தால் இந்தத் திரையும் படத்தில் விழுந்திருக்கும். என் கைகளுக்காக வருகிறார்கள் என்று பூசானில் இருக்கும் அம்மாவிடம் பீற்றிக்கொள்ளவும் செய்திருந்தாள்.

"நான் சொன்னேன்ல, இன்னைக்குப் பாத்துடுவாங்கன்னு!" முன்வரிசையில் ஒருத்தி தோழியின் தொடையில் ஓங்கி அடித்தாள்.

கைதட்டல் எழுந்தது. அப்படியொரு கைதட்டலை ஹேரின் இதுவரை வாங்கியதில்லை.

பாட்டு இன்னும் அவள் கைகளால் ஏறிக்கொண்டுதான் இருந்தது. குன்வூவுக்கு அந்த நேரத்தில் எழுத எதுவும் இல்லை. அவனும் கைதட்டினான்.