ஒண்ணுகூடச் சரியில்லை

"இதுல 'கதவு' எது? தொட்டுக் காட்டு."

மேஜை மேல் இரண்டு அட்டைகள். ஒன்றில் 'கதவு', இன்னொன்றில் 'கிணறு'. எட்டு வயசுக் குருவி இரண்டையும் நன்றாகப் பார்த்தாள். யோசித்தாள். கிணற்றைத் தொட்டாள்.

"போச்சு" என்றார் தலைமையாசிரியர்.

சின்ன ரூம் டீச்சர் குருவியின் பக்கம் ஓர் எட்டு நகர்ந்தாள்.

மாடிப்படிக்குக் கீழே, முன்பு விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறைதான் அவள் வகுப்பு. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளைத் தினமும் கொஞ்ச நேரம் தனியாக அழைத்து வந்து, அவரவர் வேகத்துக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சிறப்பாசிரியை என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர் சின்ன ரூம் டீச்சர்.

நல்ல ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, இதற்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்தவள். அவள் அம்மா இன்னும் ஓயவில்லை. காலையில்கூட போன். "இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சதும் சொல்லுடி. சரிப்படலேன்னா பழைய ஆபீஸ்லயே கேட்டுப் பாரு."

வேலை ஒரு வருஷத்துக்குத்தான். பிள்ளைகள் தேறியிருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த அறையில் பழையபடி பந்தும் வலையும் குடியேறிவிடும். அதைச் சோதிக்கத்தான் கல்வி ஆபீஸிலிருந்து அந்த அதிகாரி அம்மா அட்டைக் கட்டோடு வந்திருந்தார். குருவிதான் முதல் ஆள்.

"'பறவை' எது?"

குருவியின் விரல் 'செருப்பு' மேல் போய் நின்றது.

"'தண்ணீர்'?"

'மரம்' என்றது விரல்.

நேற்று இதே குருவி ஒரு கதையை முழுசாகப் படித்துக் காட்டிவிட்டு, "இன்னொரு கதை குடுங்க டீச்சர்" என்று பிய்த்து எடுத்தாள். வந்த புதிதில் புத்தகத்தைக் கண்டாலே மேஜைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டவள்தான். எவ்வளவு தூரம் வந்திருந்தாள்! இன்றைக்கு என்ன கேடு வந்தது?

"பயந்துட்டா மேடம். கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?"

"வேணாம்."

அதிகாரி அடுத்த ஜோடியை வைத்தார். தப்பு. அதற்கடுத்தது? அதுவும் தப்பு. கட்டு முழுக்கத் தீர்ந்தது. ஒன்றுகூடச் சரியில்லை.

வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மூணாம் வகுப்பு டீச்சர் உச்சுக் கொட்டினாள். குருவி அவள் வகுப்புப் பிள்ளை. "இது மண்டையில ஏறாதுன்னு நான்தான் அன்னிக்கே சொன்னேனே சார். யாரு கேட்டா?"

"ஒரு வருஷம் தண்டம்" என்றார் தலைமையாசிரியர். "மணல்ல எழுதறது, கலர் அட்டையில விளையாடறது... இப்படிப் பண்ணினா படிப்பு வருமா? இப்ப மேடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சின்ன ரூம் டீச்சர் வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்கும்தான் தெரியவில்லை.

அதிகாரி அட்டைகளை அடுக்கி ரப்பர் மாட்டினார்.

"பாப்பா, உனக்குப் படிக்கவே தெரியாதா?"

"தெரியாது." பளிச்சென்று வந்தது பதில்.

"ஒரு எழுத்துகூட?"

"ம்ஹூம்."

"அப்படின்னா கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டிருந்தாக்கூடப் பாதி சரியா வந்திருக்குமே! இருந்ததே ரெண்டு ரெண்டு அட்டை. ஒவ்வொரு தடவையும் தேடிப் பிடிச்சுத் தப்பையே தொடணும்னா, சரி எதுன்னு தெரிஞ்சாத்தானே முடியும்?"

குருவி தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைமையாசிரியருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "தெரிஞ்சுக்கிட்டே பண்ணியிருக்கா? எவ்வளவு கொழுப்பு பாருங்க மேடம்!"

"இத்துனூண்டு இருந்துக்கிட்டு, சொல்லிக் குடுத்தவங்களையே மாட்டி விடுதே! இதுக்காகவா டீச்சர் நீங்க உயிரை விட்டீங்க?" என்றாள் வாசலில் நின்றவள்.

சின்ன ரூம் டீச்சர் குருவியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பிள்ளைக்குப் படிக்கத் தெரிகிறது என்றதுமே அவளுக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது. ஆனாலும் மனசு வலித்தது.

"ஏண்டா கண்ணு இப்படிப் பண்ணினே? என் மேல கோவமா?"

அவ்வளவுதான். குருவிக்கு உதடு பிதுங்கிவிட்டது.

"நாங்க எல்லாரும் படிச்சிட்டா உங்களுக்கு இங்க வேலையே இல்லையாம். உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். எங்க கிளாஸ் டீச்சர்தான் இன்னொரு டீச்சர்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நான் கேட்டுட்டேன்."

வாசலில் நின்றவளுக்குத் திடீரென்று தன் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. சத்தமில்லாமல் நழுவினாள்.

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார்.

"அதெல்லாம் யாரும் அனுப்ப மாட்டாங்க பாப்பா. நீங்க படிச்சாத்தான் இவங்க இங்கயே இருப்பாங்க. அடுத்த வருஷம் புதுப் பசங்க வருவாங்களே, அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

"நிஜமாவா?"

"சத்தியமா."

குருவி அட்டைக் கட்டைப் பிடுங்கி ரப்பரை உருவினாள். கதவு, கிணறு, பறவை, செருப்பு, தண்ணீர், மரம் என்று மூச்சு விடாமல் படித்துத் தள்ளினாள்.

"இந்த ரூம் வேணும்னு முதல்ல ஒத்தைக் கால்ல நின்னதே நான்தான் மேடம்" என்றார் தலைமையாசிரியர், கொஞ்சமும் கூசாமல்.

சின்ன ரூம் டீச்சர் அழுதாள், சிரித்தாள், புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பாடா! உடனே அம்மாவுக்குப் போன் போட வேண்டும்.

"சரி, வெளியில உக்காந்திருக்கிற மத்தப் பசங்களை ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க. அவங்களையும் பார்த்துடலாம்" என்றார் அதிகாரி.

குருவி பதறிப்போய்க் கதவை நோக்கி ஓடினாள்.

"ஐயோ, இருங்க மேடம்! இனிமே சரியானதையே தொடலாம்னு நான் போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வந்துடறேன்!"