பெயர்க் கட்டம்

மேசைமேல் மருந்து ஏற்றும் இயந்திரம் சீராக முனகிக்கொண்டிருக்கிறது. அதன் குழாய் நுனியிலிருந்து கண்ணாடிக் குவளைக்குள் தண்ணீர் சொட்டுகிறது. கீழே, இதே போன்ற நாற்பது இயந்திரங்களை ஏற்றிய லாரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப உறுமுகிறது. குழுவில் புதிதாகச் சேர்ந்த அவள் எழுதிய ஒரு வரியைக் குழுத் தலைவர் நேற்று இயந்திரத்தை இயக்கும் நிரலிலிருந்து அழித்துவிட்டார். நோயாளியின் பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணப் போகும் முன், எண்ணுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் வரி அது. "பேரில்லாம யாரும்மா ஆஸ்பத்திரிக்கு வருவா? ஆறு மாசமா சோதிக்கிறோம், ஒண்ணும் ஆகலையே" என்கிறார் அவர். "ஆறு மாசமும் உங்க பேரையே போட்டு சோதிச்சா எப்படி சார் ஆகும்?" பின்னால் யாரோ சிரிப்பை விழுங்குகிறார்கள். அவள் விடவில்லை. "பேரை எழுதி அழிச்சா காலிப் பெட்டி, பூஜ்யம்னு எண்ணிச் சொல்லிடும். பேரே எழுதலன்னா பெட்டியே இல்ல, எதுக்குள்ள கைய விடும்?" "நேத்து வந்துட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா?" அவள் இயந்திரத்தின் பக்கம் திரும்புகிறாள். திரையில் நோயாளியின் பெயர்க் கட்டத்தைத் தொடாமல் தொடக்கப் பொத்தானை அழுத்துகிறாள். திரை வெளுத்து அணைகிறது. முனகல் நின்றுபோகிறது. குழாயில் சொட்டு இல்லை. தலைவரின் நெற்றி வேர்க்கிறது. "சரி, பேரு கட்டாயம்னு வெச்சிடலாம்." "மயங்கிக் கிடக்கிறவங்கள எழுப்பி நீங்களே கேளுங்க சார்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "அந்த வரியத் திரும்பப் போடு" என்கிறார். "போடுறேன். முதல்ல லாரியில இருக்கிற நாப்பதையும் இறக்கச் சொல்லுங்க."