சார்ஜர் ஒயர்
நாளை தொண்டை ஆபரேஷன். அதன்பின் அப்பாவுக்குக் குரல் இருக்காது. அதற்குள் பேசிப் பதிந்துவைக்க வாங்கிய யுஎஸ்பி மைக்கை இரண்டாவது கம்ப்யூட்டரும் கண்டுகொள்ளவில்லை. மேஜையில் மாலை வெயில் சோர்ந்து கிடக்கிறது. "மைக்குல விளக்கு எரியுதேம்மா," என்கிறார் அப்பா, கரகரத்துக்கொண்டு. "எரியுதுப்பா. கம்ப்யூட்டர்தான் யாரோ எவரோன்னு இருக்குது." மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேஜைக்கடியில் குனிகிறாள். "அப்பா, இது போன் சார்ஜர் ஒயர்! இதுல கரண்ட் மட்டும்தான் போகும், குரல் போகாது. யாரு மாத்தினது?" "நான்தான். மைக்கோட ஒயர் என் நாற்காலிக்கு எட்டல." அவள் மைக்கோடு வந்த ஒயரையே செருகுகிறாள். அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு மைக்கருகே வருகிறார். பதிவைத் தொடங்கிவிட்டு, "பேசுங்கப்பா," என்கிறாள். "மத்தியானத்துலேர்ந்து இந்த மைக்குல கத்திக் கத்தித் தொண்டை காஞ்சுபோச்சு. இனிமே என்னத்தப் பேச, போ." திரையில் பச்சைக் கோடு எழுந்து எழுந்து அடங்குகிறது. மகள் பதிவை நிறுத்தவில்லை.