சம்மதக் கடிதம்

நூற்பாலையில் ஏழாம் நம்பர் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்த சந்தனமாரி, "இது நாளைக்கு நின்னுரும்ணே" என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். மறுநாள் அது நின்றது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் நம்பரும் அவள் சொன்ன நாளிலேயே நின்றது. "இவளேதான் எதையோ கழட்டி விடுறா சார்" என்று சூப்பர்வைசர் மேனேஜரிடம் போய்ச் சொன்னார். அவளுடைய டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்தார்கள். தக்காளிச் சோறுதான் இருந்தது. இப்போது அவள் மாலைநேர இன்ஜினியரிங் வகுப்பில் சேர, ஆலையின் சம்மதக் கடிதத்துக்காக மேனேஜர் முன்னால் நிற்கிறாள். "படிச்சுட்டு வந்து மொத்த மில்லையும் நிறுத்திருவியோ?" என்றார் அவர். "ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் சார் படிக்கணும்." கையெழுத்துக்காக அவள் நீட்டிய கடிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். நாற்காலியில் சாய்ந்து அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பேனா கேட்டுக் கை நீட்டினார். அவள் கொடுத்தபோது அவருடைய மணிக்கட்டு அவள் உள்ளங்கையில் பட்டது. ஏழாம் நம்பரின் மேல் வைத்தபோது போலவே, அவள் கையை எடுக்கச் சற்றுத் தாமதமானது. "என்ன?" என்றார் மேனேஜர், பேனாவைத் தாளுக்கு மேலே நிறுத்தியபடி. "ஒண்ணுமில்ல சார்" என்றாள். "கையெழுத்துப் போடுங்க."