வாசகரின் ஒரே சந்தேகம்

இந்தப் பூமியில் ஒரு வரிகூடத் திருடாமல் எழுதுகிற ஒரே ஆள் தான்தான் என்பதில் அவனுக்குக் கடுகளவும் சந்தேகம் இருந்ததில்லை.

வீட்டில் நடந்ததை எழுதுகிறவன் சோம்பேறி. அடுத்தவன் எழுதியதை எழுதுகிறவன் திருடன். இரண்டையும் கழித்தால் மிச்சம் நிற்பது நான் என்பான்.

கேட்டுக் கேட்டுக் கல்லூரியில் எல்லாருக்கும் காது புளித்துவிட்டது. அதிகம் புளித்தது கார்பனுக்கு. முதலாண்டில் யாருடைய கட்டுரையையோ அப்படியே எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டவனுக்கு அந்தப் பெயரை வைத்ததே இவன்தான். அந்தக் கார்பன்தான் இவனுடைய பன்னிரண்டு கதைகளையும் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தான்.

பன்னிரண்டும் வரப்போகும் கெட்ட காலத்தைப் பற்றியவை. ஒன்றில், சிரிப்பதற்கு முன் எதற்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொன்றில், நிழலுக்குத் தனி அடையாள அட்டை.

தொகுப்பாகப் போட அனுமதி வேண்டும். அதற்குத்தான் இரண்டாம் மாடி அறையில், கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

எதிரே இருந்தவரின் பதவிப் பெயர் வாசகர். புத்தகம் போடுகிற எவருக்கும் ஒரு வாசகராவது நிச்சயம் என்று அரசாங்கம் ஏற்பாடு செய்திருந்தது.

வாசகர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பன்னெண்டையும் ரெண்டு தடவை படிச்சேன் தம்பி. சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாப்போச்சு. ஒன்பதாவதுலதான் சிரிப்பு வரல."

அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

"பட்டியல்ல பேர் இருக்கற ஒரு மாமா பீரோவுக்குள்ள ஒளிஞ்சிருக்கார். படியில பூட்ஸ் சத்தம் கேட்டதும் தலையணை உறையோட முனையைச் சுருட்டி வாயில வச்சுக்கறார், இருமல் வெளிய கேட்கக் கூடாதுன்னு. முனையை மட்டும். அதுக்கு மேல வச்சா குமட்டும்னு எழுதியிருக்கீங்க." நிமிர்ந்து பார்த்தார். "ஒரே ஒரு சந்தேகம். இது எப்படித் தம்பி தெரியும்?"

குளிர்ந்த உச்சி அப்படியே உறைந்தது.

அக்காவை மாமா ஆக்கியிருந்தான். மொட்டை மாடியில் காலியாகக் கிடக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பீரோ ஆக்கியிருந்தான். ஏழு மாதத்தை மூன்று நாள் ஆக்கியிருந்தான். ஒரு துண்டறிக்கையில் பெயர் போட்டதற்காக அவளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை எழுதவே இல்லை.

தலையணை உறையை மட்டும், ரொம்ப நன்றாக இருந்ததால், மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டான்.

"சும்மா தோணிச்சு சார்." குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

"தோணாது," என்றார் வாசகர், ரொம்பப் பிரியமாக. "இருபத்திரெண்டு வருஷமா இதே நாற்காலியில படிக்கறேன். கூட இருந்து பார்த்தவங்க எழுதினா தனியா தெரியும். வீட்ல யார் யார் இருக்கீங்க?"

பேனாவின் மூடியைக் கழற்றினார். விலாசம் விண்ணப்பத்தின் மேல்மூலையில் இவன் கையெழுத்திலேயே இருந்தது.

தொட்டிக்கு இருப்பது ஒரு மூடி. அதற்குப் பூட்டுகூடக் கிடையாது.

"சார், அந்தக் கதை நான் எழுதினதில்ல."

"அப்புறம்?"

"திருடினது."

இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. வாசகர் கொஞ்சம் ஏமாற்றமடைந்தவர்போல் தலையாட்டினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் நகர்த்தினார்.

"திருடினா யார்கிட்டேருந்தாவதுதானே திருடணும்? பேரும் விலாசமும் போடுங்க."

செத்துப்போன யாராவது ஒருவரின் பெயரைத் தேடினான். ஊரில் ஒருத்தர்கூடச் சாகாத மாதிரி இருந்தது. மனசு ஒரே ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அந்த வீட்டில் அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான், தேடினாலும் ஒன்றும் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டான். ஒன்றும் கிடைக்காத வீட்டைத்தான் திரும்பத் திரும்பத் தேடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். நாலாவது கதையே அதுதான்.

எழுதினான். பட்டப்பெயரை அல்ல, பெற்றவர்கள் வைத்த பெயரை. கதவு எண்ணோடு.

வாசகர் படித்துப் பார்த்து, தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தொகுப்பிலிருந்து ஒன்பதாவதை உருவிவிட்டு மற்றவற்றின்மேல் முத்திரை குத்தினார்.

"பதினொண்ணும் போடலாம். நல்லா வருவீங்க."

காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு கதவுவரை போனவன் கைப்பிடியைத் தொடவில்லை.

கதவுக் கண்ணாடியில் தாழ்வாரம் தெரிந்தது. பெஞ்சில் கார்பன், இவனுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தான்.

திரும்பினான்.

"சார்," என்றான் மெதுவாக, "பின்பக்கம் படி ஏதாவது இருக்கா?"