கையை விடாதவள்

கண்ணாடிக்கு அப்பால் அந்த நர்ஸ் மாஸ்டரின் கையை இன்னும் விடவில்லை.

கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அவருடைய வலது கையைத் தன் இடக்கையில் ஏந்தி, புறங்கையை விரல்நுனிகளால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். காலையிலும் இதே காட்சி. சாப்பாட்டு வேளை கடந்த பிறகும் இதே காட்சி.

மாஸ்டர் என்றால் தையற்கடையில் துணி வெட்டும் மாஸ்டர். கடுமையான வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி, சிறுநீரகம் தளர்ந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தார். படுத்த இடத்திலேயே ஓடி வந்தவரைப் போல மூச்சு வாங்கியது. ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது, அதைத் தணிக்க சோடியம் பைகார்பனேட்டை நரம்பு வழியாக ஏற்றுகிறோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்ற நரம்புகளெல்லாம் ஒளிந்துகொண்டதில், வலது புறங்கையில்தான் ஒன்று அகப்பட்டதாம்.

வெளியே நின்ற மனைவிக்குப் பயம் ஒரு பக்கம், தவிப்பு ஒரு பக்கம். மிச்சமிருந்த பொறுமையை நாத்தனார் தீர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் முதலில் மருந்தைத்தான் பிடித்துக்கொண்டாள். அடுப்படி டப்பாவில் கிடக்கிற சோடா உப்பு தானே, அதற்கா இத்தனை பெரிய ஆஸ்பத்திரி என்றாள். அந்தப் பேச்சு எடுபடவில்லை என்றதும் நர்ஸுக்குத் தாவினாள்.

"நல்லாப் பாரு. மத்தவங்க எல்லாம் கால்ல சக்கரம் கட்டின மாதிரி ஓடுறாங்க. இவ மட்டும் என் தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா."

"நாடி பார்க்கிறாங்களோ என்னவோ, அண்ணி."

"நாடி புறங்கையிலயா இருக்கு? நானா இருந்தா இந்நேரம் கேட்டிருப்பேன். நீ ஒரு வாயில்லாப் பூச்சி."

அந்தப் பட்டம் வேலை செய்தது. மனைவி விடுவிடுவென்று நடந்து, நடைகோடியில், நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனின் அறைக் கதவைத் தட்டினாள்.

மேட்ரன் நரைத்த தலையும் நிமிர்ந்த முதுகுமாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் மனைவி கோர்வையில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பெண் வேறு ஒரு வேலையும் செய்வதில்லை. பக்கத்துக் கட்டிலில் மணி அடித்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்யாணமான ஆம்பளையின் கையைப் பொழுதுக்கும் பிடித்துக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம். சொல்லும்போதே முகம் சுட்டது. ஆனாலும் ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியவில்லை.

மேட்ரன் குறுக்கிடாமல் கேட்டார். முடிவில் ஒன்றே ஒன்றுதான் விசாரித்தார்.

"காலையிலேர்ந்து அதே பொண்ணா?"

"அதே பொண்ணுதான் மேடம். சாப்பிடக்கூட எழுந்திருக்கல. கையை விட்டாத்தானே?"

"நல்லவேளை, வந்து சொன்னீங்க" என்று மேட்ரன் எழுந்தார்.

நாத்தனார் கண்ணாடியில் மூக்கு அழுந்த நின்றுகொண்டாள். "இப்ப வாங்கிக் கட்டிக்கப் போறா, பாரு."

மேட்ரன் உள்ளே போய்க் குனிந்து, நர்ஸின் காதருகே ஏதோ சொன்னார். நர்ஸ் எழுந்தாள். மேட்ரன் கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். மாஸ்டரின் வலது கையைத் தன் இடக்கையில் ஏந்தி, புறங்கையை விரல்நுனிகளால் மெல்லத் தடவத் தொடங்கினார்.

நாத்தனாருக்குப் பேச்சு நின்றுபோயிற்று. குடும்பத்தில் யாரும் கண்டிராத அதிசயம் அது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் வெளியே வந்தாள். மனைவி வழிமறித்தாள்.

"சிஸ்டர், எதுக்கு எல்லாரும் அந்தக் கையையே..."

நர்ஸ் அலுத்துக்கொள்ளாமல் விளக்கினாள். இந்த மருந்து நரம்புக்குள் ஓடுகிறவரை உயிரைக் காக்கும். நழுவித் தோலுக்கு அடியில் கசிந்தாலோ சதையையே அரித்துப் புண்ணாக்கிவிடும். அவருக்குக் கிடைத்திருப்பது மெலிந்த நரம்பு, எந்த நேரமும் கசியலாம். வீங்குகிறதா, இறுகுகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வழி.

"நினைவு இருக்கிறவங்கன்னா எரியுதுன்னு கத்திடுவாங்க. இவரால முடியாதே. கத்திரி பிடிக்கிற கை வேற. மெஷின் பார்த்துக்கும்னு விட்டுட்டு எழுந்திருக்க மனசு வரல அக்கா."

ரத்தத்தில் அமிலம் இறங்கத் தொடங்கிவிட்டது, டாக்டருக்கும் நம்பிக்கை வந்திருக்கிறது என்றும் சொன்னாள்.

மனைவி கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். இத்தனை நேரம் நர்ஸின் விரல்களையே காவல் காத்தவள், இப்போதுதான் கணவரின் மார்பைப் பார்த்தாள். அது நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து அப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

நன்றி சொல்ல வேண்டும். அதற்கு முன் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் நர்ஸின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் முந்திக்கொண்டாள்.

"நான்தான் அக்கா உங்களுக்கு நன்றி சொல்லணும். உங்களுக்கு இருக்கிற இவ்வளவு கவலையிலயும், அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து சாப்பிடலன்னு மேட்ரன்கிட்டப் போய்ச் சொன்னீங்களாமே?"