அன்பாய் ஓர் அவசரம்

தொண்டாமுத்தூர் மலையை மூடியிருந்த மேகம் மெல்ல இறங்கித் தென்னந்தோப்புக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் கனவில் இருப்பவள்போல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஆங்கில ஆசிரியை கயல்விழி.

“அம்மணி, இங்கிலீசுல ‘அர்ஜ்’னா என்ன அர்த்தம்?” கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஐயாசாமி கேட்டார்.

“ஒண்ணைச் செய்யச் சொல்லி வற்புறுத்தறதுங்க. கட்டளையுமில்ல, கெஞ்சலுமில்ல. அன்போட அவசரப்படுத்தற மாதிரி.”

“அதேதான் வேணும். கல்யாணப் பேச்செடுத்தாலே எந்திரிச்சு ஓடற ஒரு புள்ளைக்கு எழுதறேன்.”

“அதுக்கு எதுக்குங்க இங்கிலீசு? தமிழ் தெரியாத புள்ளைங்களா?” அவள் சிரித்தாள்.

“தமிழ்ல சொல்ல வந்தா எனக்குப் பாதியிலயே அழுகை வந்துபோடுது, கண்ணு.”

ஆங்கிலத்திலேயே எழுதி முடித்து அவளிடமே நீட்டினார். பிழை திருத்தப் பேனாவை எடுத்தவளின் கை அப்படியே நின்றது.

‘அன்புள்ள கயல்விழி, என் மகன் கதிரேசன் இறந்து நான்கு வருடமாகிறது. நீ மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று அன்போடு அவசரப்படுத்துகிறேன்.’

அவள் கண்கள் நிறைந்தன.

“நான் போயிட்டா உங்களுக்கு ஆருங்க மாமா இருக்கறாங்க?”

“கட்டிக்குடுத்த மக பொறந்த ஊட்டுக்கு எப்படி வந்து போவாளோ, அப்படி வந்து போ, அம்மணி.”